கோட்டில் விழுந்த பந்து

மகள் சர்வீஸ் போடப் பந்தை மேலே எறிந்த நேரத்தில் அம்மாவின் கைக்குள் போன் அதிர்ந்தது. கம்பி வலைக்கு வெளியே நின்றிருந்தவள் குனிந்து பார்த்தாள். கொழுந்தன். காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் அவன்தான் இருக்கிறான், செய்தியாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். 'தூங்குறாரு.' 'பால் குடிச்சாரு.' 'ஸ்கோர் கேக்குறாரு.' கூப்பிட வேண்டாம், எழுதி அனுப்பினால் போதும் என்று அவள்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இப்போது கூப்பிடுகிறான். அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதியைக் கேட்கத்தான் கால் நகரவில்லை.

கோர்ட்டைப் பெருக்கும் நீளத் துடைப்பங்களும் தண்ணீர்க் குழாயும் கிடந்த தகரக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எடுத்தாள்.

"சொல்லு தம்பி."

"அண்ணி, எங்க நிக்கிறீங்க? முதல்ல எங்கயாவது உக்காருங்க."

"உக்காந்துட்டேன். சொல்லு."

"அண்ணன் போயிட்டாரு அண்ணி."

"எங்க?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அந்தப் பக்கம் அவன் அழ ஆரம்பித்தான். இந்தப் பக்கம், கொட்டகைக்கு அப்பால், யாரோ கை தட்டினார்கள். மகள் ஒரு கேம் எடுத்திருக்க வேண்டும்.

நேற்று மாலை டாக்டர் 'இனிமே பயம் இல்லை' என்று சொன்னதை நம்பித்தான் அவள் வந்தாள். நம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் விரட்டினார், வந்தாள். மனுஷனுக்கு நெஞ்சு வலி வந்து படுத்ததைவிட மகளின் டென்னிஸ் இறுதி ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் பெரிய வலியாக இருந்தது. லிஃப்ட் மெக்கானிக். படுக்கையில் கிடந்தபடியே ஆஸ்பத்திரி லிஃப்டின் சத்தத்தைக் கேட்டு, 'ரோப் தேஞ்சிருக்கு, யார்கிட்டயாவது சொல்லி வைங்க' என்று நர்ஸிடம் புகார் சொன்னவர். அவளிடம், "நான் படுத்துக் கெடக்குறதைப் பாக்க நீ எதுக்கு இங்க? தம்பி இருக்கான்ல. நீ அவகூட போ. என் இடத்துல நில்லு. கப்போட வாங்க" என்றார். ரன்னர் கப் வாங்கினாலும் கப்தானே என்று அவள் சொன்னதற்கு, "ரன்னர்ங்கறது மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோன லிஃப்ட். மேலயும் இல்ல கீழயும் இல்ல. உள்ள மாட்டுனவனுக்குத்தான் தெரியும்" என்றார், பக்கத்தில் நின்ற மகளையும் பார்த்து. அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் செய்துவிட்டாரே என்று இப்போது அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்.

"மேடம்."

கோச் வந்து நின்றார். ஆட்டம் நடக்கும்போது கோர்ட்டை விட்டுக் கண்ணை எடுக்காத ஆள். அவரே தேடி வருகிறார் என்றால் அவள் போன வேகத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரியா?"

தலையாட்டினாள். எப்படி ஆட்டினாளோ, அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். உடனே திரும்ப மாட்டிக்கொண்டார், மகள் பார்த்துவிடுவாளோ என்று.

"மேட்சை நிறுத்தச் சொல்லுங்க சார். நாங்க கிளம்புறோம்."

"சொல்றேன். ரெஃப்ரிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாங்க." சொன்னாரே தவிர நகரவில்லை. "ஒண்ணே ஒண்ணு யோசிங்க மேடம். முதல் செட் எடுத்துட்டா. இதுலயும் முன்னால இருக்கா. மிஞ்சிப்போனா கால் மணி நேரம். ஜெயிச்சா நேரா மாநில அணியில எடுத்துக்குவாங்க. பாதியில விட்டுட்டுப் போனா அந்த இடம் எதிர்ல ஆடுற பொண்ணுக்கு. அப்புறம் அடுத்த வருஷம்தான். வயசு தாண்டிடும்."

"அவரே போயிட்டாரு சார்."

"அதான் சொல்றேன். இது அவரோட ஆசை."

போனவரின் ஆசை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யார் என்ன பேச முடியும். இத்தனை வருஷமாக விடியற்காலையில் எழுப்பி, ஸ்கூட்டரில் பின்னால் தூக்கம் வழிய உட்கார வைத்து, மழை வந்தால் லிஃப்ட் கம்பெனி கிடங்கின் சுவரில் பந்தடிக்க வைத்து, அந்தப் பெண்ணை இந்த இடத்துக்குக் கொண்டு வந்தவர் அவர். கால் மணி நேரத்தில் அது கைக்கு வரும். இப்போது சொன்னால் ஆளும் இல்லை, அதுவும் இல்லை. அவளுக்கும் உள்ளே ஒரு மூலையில் அந்த ஆசை இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் மகள் கோப்பையோடு நிற்கும் படத்தை வைத்திருப்பவள் அவள்தானே.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றாள். தன் குரலா அது என்று இருந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் மகளின் போன் ஞாபகம் வந்தது. கோர்ட்டுக்குள், பெஞ்சின் மேல், பைக்குள் இருக்கிறது. அணைத்தாளா? ஆட்டம் தொடங்குமுன் அணைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மறந்திருந்தால்? கொழுந்தன் யார் யாருக்குச் சொல்லியிருக்கிறானோ. யாராவது ஒரு அவசரக்குடுக்கை இரங்கல் செய்தி அனுப்பி, துண்டை எடுக்கப் பையைத் திறக்கும்போது திரை ஒளிர்ந்தால்? 'அவளுக்கு யாரும் அனுப்ப வேணாம்' என்று கொழுந்தனுக்கு எழுதினாள். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன.

வலையருகே தன் இடத்துக்கு, இல்லை, அவருடைய இடத்துக்கு வந்து நின்றாள்.

பெரிய ஆட்டக்காரர்களின் போட்டி என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஆள் நிற்பார். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு நடுவர், நாலைந்து கோர்ட்டுக்கும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருப்பார். தன் பக்கம் விழுகிற பந்தைத் தானே பார்த்துத் தானே சொல்ல வேண்டும். விரலை உயர்த்தினால் வெளியே. உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்தால் உள்ளே. செம்மண் கோர்ட் என்பதால் பந்து விழுந்த தடம் தெரியும், சந்தேகம் வந்தால் எதிராளி வந்து பார்க்கலாம். அவ்வளவுதான் ஏற்பாடு. மீதியெல்லாம் நாணயம்.

நாணயத்தைப் பற்றி வீட்டுக்காரருக்கு வேறு கருத்து இருந்தது. "கோட்டுல பட்டுச்சா படலையான்னு சந்தேகம் வந்தா அது நமக்கு. சந்தேகமே இல்லேன்னாலும் பரவால்ல, கோட்டுக்கு வெளிய எப்பவும் ஒரு பழைய தடம் கெடக்கும். அதைக் காட்டு. யாரு வந்து அளக்கப் போறா?" வலைக்கு வெளியே, கோட்டுக்கு நேராக வந்து நிற்பார். நெருக்கடியான பந்து விழுந்தால் கம்பிக்குள் அவருடைய சுட்டுவிரல் நீளும். மகள் அந்த விரலைப் பார்த்துவிட்டுத் தன் விரலை உயர்த்துவாள். மற்ற பெற்றோர் அவருக்கு 'அவுட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'அவுட்டு வந்தாச்சா?' என்று கேட்டுக்கொள்வார்கள். அவள் காதிலும் விழும். அவர் காதிலும் விழுந்திருக்கும், அவர் சட்டை செய்யவில்லை.

ஒருமுறை, ஓர் அரையிறுதியில், மகள் அந்த விரலைப் பார்த்த பிறகும் 'உள்ளே' என்று சொல்லித் தோற்றாள். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் அவர் மகளோடு பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "தர்மகர்த்தா வந்துட்டாங்க, முதல்ல அவங்களுக்குப் போடு" என்பார். மகள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். அதற்கு அடுத்த போட்டியில் பழைய தடத்தைக் காட்டினாள். எதிராளிப் பெண் குளியலறையில் விக்கி விக்கி அழுததை அம்மா கேட்டாள். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டாள். சண்டை போட்டுவிட்டு அந்தக் கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

இடைவேளை வந்தது. மகள் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தாள். போனை எடுக்கவில்லை. அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. ஆட்ட நடுவில் பேசக் கூடாது. அதனால் காலையிலிருந்து ஒவ்வொரு இடைவேளையிலும் மகள் வலைப் பக்கம் திரும்பி முகவாயை மட்டும் லேசாகத் தூக்குவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அர்த்தம். அம்மா தலையாட்டுவாள். நல்லா இருக்கார் என்று அர்த்தம்.

இப்போதும் முகவாய் தூக்கியது.

தலையாட்ட வேண்டும். கழுத்து மரத்துப்போயிருந்தது. அசைத்தால் எந்தப் பக்கம் அசையுமோ என்று பயம். அதனால் சிரித்தாள். உதட்டை இழுத்துப் பிடித்து, கண்ணையும் சேர்த்து, நன்றாகவே சிரித்தாள்.

மகள் அவளையே பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். திருகப் போனவள், திறக்காமலே கீழே வைத்துவிட்டாள். மட்டையின் கைப்பிடியில் சுற்றியிருந்த பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். முந்தாநாள் படுக்கையில் சாய்ந்தபடி அவர் சுற்றிக்கொடுத்த பட்டை அது. கையில் பலம் இல்லை, நுனி பிரிந்து பிரிந்து வந்தது. மகள் அதைப் பிரித்து மாற்றிச் சுற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த இரண்டு கேமும் கையை விட்டுப் போயின. எதிராளிப் பெண்ணுக்கு வயதுக்கு மீறிய உயரம், எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கை நீட்டினால் பாதிக் கோர்ட் அவளுடையது. கோச் வலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். "என்ன ஆச்சு இவளுக்கு, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்று முணுமுணுத்தவர், என்ன பேசுகிறோம் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டார்.

கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. 'அண்ணி கிளம்பிட்டீங்களா.' 'ரூமைக் காலி பண்ணச் சொல்றாங்க.' 'பாடியைக் கீழ கொண்டு போகணுமாம்.'

பாடி. காலையில் பால் குடித்த ஆள். 'கொஞ்சம் இருக்கச் சொல்லு. அவ பாக்கணும்' என்று எழுதினாள். எழுதும்போது ஒரு பாயிண்ட் போயிற்று, யாருக்கு என்று தெரியவில்லை. பிறகு கோச் சொன்னார், "மேட்ச் பாயிண்ட். நமக்கு. இது ஒண்ணுதான் மேடம். ஒண்ணே ஒண்ணு."

பந்து போனது, வந்தது, போனது. முடிவதாக இல்லை. நெட்டை பின்னுக்குப் போய், உடம்பைத் திருப்பி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஒன்று அடித்தாள். அது நடு வலைக்கு மேலே உயர்ந்து, மகளைத் தாண்டி, நேராக அம்மா நிற்கிற மூலைக்கு வந்தது. மகள் ஓடி வந்து மட்டையை நீட்டினாள். எட்டவில்லை.

மண்ணில் விழுந்தால் ஒரு சத்தம். கோட்டுக்காக அடித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டையில் பட்டால் வேறு சத்தம். அந்த வேறு சத்தம் அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது. பட்டையின் பின் ஓரத்தில் புழுதி தட்டிப்போயிருந்ததையும் பார்த்தாள்.

எதிர்ப் பக்கம் இருந்த நெட்டைக்கு அது தெரியவில்லை. வெளியே போய்விட்டது என்றே நினைத்துத் தோளைத் தொங்கவிட்டாள். கை கொடுக்க நடு வலையை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். கோச் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பக்கத்துக் கோர்ட்டிலிருந்துகூட யாரோ கை தட்டினார்கள். மகள் குனிந்து தடத்தைப் பார்த்தாள். ஒரு செருப்பு அகலத்துக்கு வெளியே பழைய தடம் ஒன்றும் கிடந்தது. பிறகு, பழக்கம், நிமிர்ந்து கம்பி வலையைப் பார்த்தாள். அவர் நிற்கிற இடத்தைப் பார்த்தாள்.

கம்பிக்குள் ஒரு சுட்டுவிரல் நீண்டிருந்தது.

எப்போது நீட்டினாள் என்று அம்மாவுக்கே தெரியாது. இனிமேல் தாங்காது என்பது மட்டும் தெரிந்தது. அவுட்னு சொல்லிடுடி. ஒரு தடவை. முடியட்டும், வா போகலாம், கீழே கொண்டு போய்விடுவார்கள். வாயைத் திறந்தால் இதுதான் வந்திருக்கும். வாயை இறுக மூடியிருந்தாள். விரல் மட்டும் நின்றது.

மகள் விரலைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திரும்பி, கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்தாள்.

"உள்ள" என்றாள், எதிர்ப் பக்கம் கேட்கும்படி.

நெட்டை பாதி வழியில் நின்றாள். "என்ன?"

"உள்ளதான். உன் பாயிண்ட்."

கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். "பக்கத்துலயே பழைய தடம் கெடந்துச்சே" என்றார் யாரிடமோ. அம்மா விரலைக் கம்பியிலிருந்து உருவிப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். அது தீயில் பட்டதுபோல் எரிந்தது.

அந்த செட் நெட்டைக்குப் போயிற்று. மூன்றாவது செட் தொடங்கியது. கால் மணி நேரம் என்று சொன்ன கோச் இப்போது அவள் பக்கமே திரும்பவில்லை. போனில் கொழுந்தன் கெஞ்சிக்கொண்டிருந்தான். 'இன்னும் கொஞ்சம்' என்று அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். இப்போதாவது நிறுத்திவிடலாமா என்று நூறு தடவை நினைத்தாள். இவ்வளவு நேரம் மறைத்துவிட்டு இப்போது போய் என்னவென்று நிறுத்துவது? மகளுக்கு ஒவ்வொரு பந்துக்கும் ஓட்டம். போய்விட்டது என்று தெரிகிற பந்துக்கும் ஓடினாள். தன் பக்கம் விழுந்ததை எல்லாம் உரக்கச் சொன்னாள், உள்ளே, வெளியே, உள்ளே. ஆனால் இடைவேளைகளில் வலைப் பக்கம் திரும்பவில்லை. முகவாய் தூக்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. என் விரலைப் பார்த்துத்தான் வெறுத்துவிட்டாள் என்று அம்மா நினைத்தாள். அது நியாயமாகவும் பட்டது.

தோற்றாள். நெட்டை நடு வலைக்கு ஓடி வந்து, கை கொடுக்காமல், குனிந்து அப்படியே கட்டிக்கொண்டாள். காதில் ஏதோ சொன்னாள். மகள் தலையாட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பரிசளிப்பு இருக்கும்மா" என்றார் கோச். அவருக்கும் குரல் சரியாக இல்லை.

"நீங்க வாங்கிக்கங்க சார்." அம்மாவிடம் திரும்பி, "போலாம் மா" என்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

டாக்ஸி கிடைத்தது. வழியெல்லாம் சிவப்பு விளக்கு. அம்மா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, டிரைவரின் தோளுக்கு மேல் சாலையையே பார்த்தாள். எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடினாள். பல் ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனை பேரிடம் பக்குவமாகப் பேசுகிறவள். இதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"எப்போ மா?" என்றாள் மகள்.

"என்ன எப்போ?"

"அப்பா."

அம்மா திரும்பினாள். மகள் மடியில் மட்டையை வைத்துக்கொண்டு, பிரிந்த பட்டையின் நுனியைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான்... கொஞ்ச நேரம் முன்னாடிதான் சித்தப்பா..."

"ரெண்டாவது செட்ல நீ சிரிச்சே."

"என்னடி சொல்றே?"

"மேட்ச் நடக்கும்போது நீ சிரிச்சதே இல்ல மா. என்னைக்குமே இல்ல. நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிப்பே. இன்னைக்குச் சிரிச்சே. பல்லு பிடுங்குறதுக்கு முன்னாடி பேஷண்ட்டைப் பாத்து சிரிப்பியே, ஒண்ணும் இல்ல, வலிக்காதுன்னு. அந்தச் சிரிப்பு."

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சுக்கிட்டா ஆடுனே?" என்றாள் அம்மா. "நிறுத்தியிருக்கலாமே. ஓடி வந்திருக்கலாமேடி."

"நிறுத்தினா நீ சொல்லிடுவே."

வண்டி நகர்ந்தது, மறுபடி நின்றது.

"அதுக்காகவா..." கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "முடியக் கூடாதுன்னா அந்தப் பந்தை உள்ளன்னு சொன்னே?"

"இல்ல." மகள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அது உள்ளதான் விழுந்துச்சு. நீயும் பாத்தே."

அம்மா தன் வலது கையை இடது கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். விரலைப் பற்றி மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆஸ்பத்திரி கட்டிடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி மகள் மெதுவாகச் சொன்னாள். "அப்பா நின்னிருந்தா அவுட்னு சொல்லியிருப்பேன் மா." கொஞ்சம் கழித்து, "அதை நெனச்சாதான் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதாள். அம்மா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். தலைமுடியெல்லாம் செம்மண்.

லிஃப்ட் வர நேரமாயிற்று. அம்மா பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை அமுக்கினா போதும், அதுக்கும் காது இருக்கு என்பார் அவர். உள்ளே ஏறியதும் மேலே எங்கோ கரகரவென்று தேய்கிற சத்தம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவரை அறையிலேயே வைத்திருந்தார்கள். கொழுந்தன் வாசலை மறித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். யாரையும் உள்ளே விடவில்லை போலிருக்கிறது. அவளைப் பார்த்ததும் எழுந்து, "என்னால முடிஞ்சது அண்ணி" என்றான். எதைச் சொன்னான் என்று தெரியவில்லை. அண்ணனைக் காப்பாற்றப் பார்த்ததையா, அறையைக் காப்பாற்றியதையா.

அவர் தூங்குகிற மாதிரிதான் இருந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி இல்லை. தூங்கும்போது அவர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார், கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் கிடக்கும். இப்படி நேராக ஒருநாளும் படுத்ததில்லை. போர்வைக்கு வெளியே வலது கை கிடந்தது. நாடி பார்க்கச் சுட்டுவிரலில் மாட்டியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டார்கள், அதன் பள்ளம் மட்டும் இருந்தது. அம்மா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை முறை திட்டியிருக்கிறாள் இந்த விரலை. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, கையைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தாள்.

மகள் கால் பக்கம் நின்றாள். அவள் நடந்து வந்த வழியெல்லாம் வெள்ளைத் தரையில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"நடுவுல நின்னுட்டேன் பா" என்றாள். ஆட்டம் முடிந்து வந்து சொல்வாளே, அதே குரல்.

பிறகு அவள் சித்தப்பாவைப் பார்த்து, "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். சொல்லலாமா என்பதுபோல.

"ஸ்கோர் கேட்டாரும்மா. முதல் செட் நம்மதுன்னு சொன்னேன். சிரிச்சாரு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாரு. தூங்கப் போறாருன்னு நெனச்சேன். மறுபடி தொறந்து, 'தண்ணி குடிக்கிறாளா, அவ குடிக்க மாட்டா, அண்ணியைப் பாத்துக்கச் சொல்லு'ன்னாரு. அதை அனுப்பத்தான் போனை எடுத்தேன். எடுத்துட்டு நிமிர்றதுக்குள்ள..." அவன் நிறுத்திக்கொண்டான்.

மகள் தோளிலிருந்து பையை இறக்கித் தரையில் வைத்தாள். உள்ளே துழாவினாள். காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டில், நிரம்பியபடியே இருந்தது. அவருக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடியைத் திருகித் திறந்தாள். அண்ணாந்து குடித்தாள். நடுவில் ஒருமுறை புரையேறியது. இருமிவிட்டுத் திரும்பவும் குடித்தாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்த பிறகு, காலி பாட்டிலை மூடி, தலைமாட்டில் இருந்த மேசையில், அவர் முகம் திரும்பியிருந்த பக்கமாக வைத்தாள்.